விடுதலைக்காரர் வீட்டுக் கல்யாணம்

உலகத்தில் இரண்டே தரப்பாரைத்தான் விடுதலை செய்வது வழக்கம். ஒன்று, அடிமைப்பட்ட நாடுகள். இன்னொன்று, எங்கள் ஆஷ்பெக் ஊர்ப் பந்தயப் புறாக்கள். இடையில் இருக்கிற மற்ற ஜீவராசிகளை, அதாவது நாய், பூனை, நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஞாயிறு மத்தியானம் மதுக்கடையிலிருந்து கணவன்மார்கள் ஆகியோரை, வெறுமனே திறந்துவிடுவதோடு சரி. ‘லிபரேட்’ என்கிற வினைச்சொல்லை அவர்கள் பக்கம் யாரும் வீணாக்குவதில்லை. குறைந்தபட்சம் ஆல்வின் டீஸ்டேல் காதில் விழும்படி வீணாக்குவதில்லை.

ஒருமுறை எங்கள் வாரப் பத்திரிகை, “சனிக்கிழமை காலை புறாக்கள் திறந்துவிடப்பட்டன” என்று எழுதிவிட்டது. ஆல்வின் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, பஸ் ஏறி, அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கே போனார். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், “திறந்துவிடறதுக்கு அது என்னம்மா, குழாய்த் தண்ணியா?” என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து பத்திரிகை ஒழுங்காக விடுதலை செய்ய ஆரம்பித்தது.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைமையாசிரியை கை நிறையப் பலூன்களைப் பிடித்துக்கொண்டு, “இப்போது இவற்றை விடுதலை செய்யப் போகிறோம்” என்று அறிவித்தபோதும் ஆல்வின்தான் பின்வரிசையில் எழுந்து நின்றார்.

“டீச்சர், அதுங்களுக்கு வீடு எங்க இருக்கு?”

“எதுங்களுக்கு?”

“பலூனுக்கு.”

“பலூனுக்கு வீடெல்லாம் கிடையாதே, மிஸ்டர் டீஸ்டேல்.”

“அப்போ அது விடுதலை இல்லீங்க. திரும்பிப் போக வீடு இருக்கறதைக் கைவிட்டா விடுதலை. வீடு இல்லாததைக் கைவிட்டா அதுக்குப் பேரு குப்பை போடறது.”

பிள்ளைகளில் இரண்டு பேர் அழுதார்கள். பலூன்கள் என்ன பெயரிலோ மேலே போயின. ஆனால் அந்தச் சொல்லுக்கு அகராதியில் இருக்கிற அர்த்தத்தைவிட ஆல்வின் சொன்ன அர்த்தம்தான் எங்கள் ஊரில் நிலைத்தது. அகராதி எழுதியவர் யாரும் தெற்கே பீட்டர்பரோ மைதானத்தில் விடியற்காலையில் புறா லாரிப் பக்கத்தில் நின்றதில்லை என்பது எங்கள் கட்சி.

ஆல்வின் நின்றார். அதுதான் அவர் வேலை. அதற்கு முன்னால் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலில் நின்றவர். கூண்டு மேலே வந்ததும் கம்பிக் கதவைத் திறந்து, கருத்த முகங்களை வெளிச்சத்துக்கு அனுப்புவார். சுரங்கத்தை மூடியபோது ஊர் முழுக்க வேலை போய், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. ஆல்வினுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. கதவு திறக்கிற அனுபவம் உள்ளவர் என்று புறாச் சங்கம் அவரை அழைத்துக்கொண்டது. ஆட்களைவிடப் புறாக்கள் மேல் என்றார். கதவைத் திறந்ததும் நேராக வீட்டுக்குப் போகின்றன. வழியில் மதுக்கடையில் நிற்பதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சுற்று வட்டாரத்துப் புறாக்காரர்கள் தங்கள் பறவைகளைக் கூடையில் கொண்டுவந்து சங்கத்தில் ஒப்படைப்பார்கள். ஒவ்வொன்றின் காலிலும் ரப்பர் வளையம் மாட்டி லாரியின் பெட்டிகளில் அடைத்து, ஆல்வின் தெற்கே கொண்டுபோவார். ஓட்டுவது காலின் கௌலண்ட். சனிக்கிழமை காலை ஆல்வின் வானத்தைப் பார்ப்பார். பிறகு வழி நெடுகிலும் தமக்கு இருக்கிற சொந்த வானிலை நிலையங்களுக்கு ஃபோன் செய்வார். நியூவார்க்கில் ஒரு பெட்ரோல் பங்க்காரர். டான்காஸ்டரில் ஒரு விதவை அம்மாள். யார்க்குக்குப் பக்கத்தில் ஒரு பன்றிப் பண்ணைக்காரர். மூவரும் சன்னலைத் திறந்து தெரிவதைச் சொல்வார்கள். (டான்காஸ்டரில் மட்டும் வானிலையை விசாரிக்க ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஆல்வினின் மனைவி ஐரீன் கேட்பதுண்டு. அங்கே மேகம் அதிகம் என்று ஆல்வின் சொல்வதுண்டு.) எல்லாம் தெளிவு என்றால், லாரியின் பக்கவாட்டில் இருக்கிற நீண்ட இரும்புக் கைப்பிடியை இழுப்பார். எல்லாப் பெட்டிகளின் முகப்பும் ஒரே சமயத்தில் கீழே விழும். ஊரின் மொத்தச் சந்தோஷமும் சிறகடித்து வடக்கே திரும்பும். உடனே ஆல்வின் தொண்டையைச் செருமி, நேரம், காற்று, வெளிச்சம் மூன்றையும் உரக்க அறிவிப்பார். கேட்பதற்குக் காலினைத் தவிர யாரும் இல்லாவிட்டாலும் அறிவிப்பார். பிறகுதான் ஊருக்கு ஃபோன். ஊரில் அத்தனை ஆண்களும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போவார்கள்.

அந்தக் கைப்பிடியை அவர் வேறு எவரையும் தொடவிட்டதில்லை. காலின் இத்தனை வருஷமாக லாரியின் எல்லாப் பாகங்களையும் தொட்டிருக்கிறான், அதைத் தவிர.

காரணம் இருந்தது. ஆல்வினுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஒரு சனிக்கிழமை தூறலில் அவசரப்பட்டுக் கைப்பிடியை இழுத்துவிட்டார். மதுக்கடை திறக்கிற நேரத்துக்கு ஊர் திரும்ப வேண்டும் என்பது அவர் அவசரம். போன புறாக்களில் பாதி வரவில்லை. அந்த மனிதர் கனடாவுக்குக் குடிபோய்விட்டார். இன்றும் எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொல்வதில்லை. “கனடாக்காரன்” என்போம், குரலைத் தாழ்த்தி. அவருடைய தங்கச்சி பேக்கரியில் ரொட்டி வாங்க வரும்போது வரிசையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்தம்மாளுக்கு அந்தச் சம்பவத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இப்பேர்ப்பட்ட ஊரில், ஜூன் மாதச் சனிக்கிழமையில் ஒரு கல்யாணம் வைத்தார்கள்.

ஊர் வழக்கம் தெரிந்தவர்கள் இந்த வாக்கியத்தை மறுபடி ஒருமுறை படிப்பார்கள். ஆஷ்பெக்கில் யாரும் சித்திரைக்கும் புரட்டாசிக்கும் நடுவில் சனிக்கிழமையில் கல்யாணம் வைப்பதில்லை. அது பந்தயப் பருவம். எங்கள் கல்யாணம் எல்லாமே குளிர்காலக் கல்யாணம். எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் மணப்பெண் குடைக்கடியில் நீல உதடுகளோடு சிரித்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை மார்க்கஸ் பெல்லமி தெற்கே, சர்ரே பக்கத்துப் பையன். அவனுடைய அம்மா மிஸஸ் பெல்லமி நாள் குறித்தார். “ஜூன்ல ரோஜா பூத்திருக்குமே” என்றார். வெயிலில் ஒரு கல்யாண ஃபோட்டோவாவது பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று நினைத்த ஐரீன், நாலு பேரைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார்.

பெண் ஆல்வினின் ஒரே மகள், ஜில்லியன்.

“ரெண்டு மணிக்குத்தான கல்யாணம்?” என்றார் ஆல்வின். “பீட்டர்பரோவில காலைல வெள்ளனவே விடுவிச்சிட்டு, பகல் சாப்பாட்டுக்கு முன்ன வந்து நிப்பேன்.”

“அந்த ஒரு வாரம் காலினை விடுவிக்கச் சொன்னா என்ன?” என்றார் ஐரீன்.

ஆல்வின் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். மனைவி ஏதோ ஆபாசமாகப் பேசிவிட்டதைப் போல அவளைப் பார்த்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை லாரி புறப்பட்டது. அவருடைய கல்யாண சூட்டைப் பாலிதீன் உறையில் போட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஜில்லியனே தொங்கவிட்டாள். “எதுக்கும் இருக்கட்டும்ப்பா” என்றாள். அவள் புறாக்காரர் மகள். ‘எதுக்கும்’ என்றால் எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை விடிந்தது. ஆஷ்பெக்கில் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். மிஸஸ் பெல்லமி ஒரு பெரிய மஞ்சள் தொப்பியோடு டீஸ்டேல் வீட்டுக்கு வந்து, நாள் பார்த்தது யார் என்று எல்லோருக்கும் நினைவுபடுத்தினார். பீட்டர்பரோவிலும் வானத்துக்குக் குறை இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் வில்லங்கம். நியூவார்க் பங்க்காரருக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற மரம் தெரியவில்லை.

இனி நடந்தது காலின் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சங்கம் ஆல்வினுக்கு ஒரு கைப்பேசி கொடுத்திருந்தது. செங்கல் அளவு இருக்கும். அதில் பேசினால் அடுத்த வயலில் மேய்கிற மாட்டுக்கும் கேட்கும். காலினுக்கு எதுவும் தப்பவில்லை. ஆல்வின் ஒரு கையைக் கைப்பிடியின் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் வீட்டுக்கு ஃபோன் செய்தார். முடியை வளைக்கத் தலையில் சுருள் மாட்டிய கோலத்தில் ஜில்லியன் எடுத்தாள்.

“ஜில், அப்பா பேசறேன்.”

“தெரியுது. காத்து எப்படி?”

“காத்தே இல்ல. அதான் தொல்லை. மூடுபனி அப்படியே உக்காந்திருக்கு.”

“டான்காஸ்டர் என்ன சொல்றாங்க?”

“சன்னலைத் தொறந்தா பஞ்சு மூட்டைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்குங்கறாங்க.”

“யார்க்?”

“பன்னி கத்தறது கேக்குதாம். பன்னி தெரியலையாம்.”

ஆல்வின் இன்னொரு முறை வானத்தைப் பார்த்தார்.

“ஒண்ணு செய்யலாம்மா,” என்றார் ஆல்வின். “நா ரயிலைப் பிடிச்சு வந்துடறேன். பனி விலகினதும் காலின் விடுவிக்கட்டும்.”

இரண்டு சிறுநீரகத்தையும் தானம் செய்கிறவரின் குரலில் அதைச் சொன்னார் என்கிறான் காலின்.

“காலின் விடுவிப்பாரு,” என்றாள் ஜில்லியன். “நீங்க கைப்பிடியை விடுவீங்களா?”

ஆல்வின் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் கைப்பிடி மேலேயேதான் இருந்தது.

“இல்லாட்டி இப்பவே இழுத்துடறேன்,” என்றார். “இங்க மேல வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. பெரிய பறவைங்க சுத்திக்கிட்டு வந்துரும். நானும் ரெண்டு மணிக்குள்ள—”

“ப்பா.”

“என்னம்மா?”

“இப்போ திறந்துவிட்டு, பாதி வரலைன்னா, இந்தச் சனிக்கிழமைக்கு ஊர்ல என்ன பேரு வைப்பாங்க? ஜில்லியன் கல்யாணம்னு வைப்பாங்க. என் பேரப்புள்ள காலத்துலயும், ஜில்லியன் கல்யாணத்துல தொலைஞ்ச நீலப் பொட்டைப்புறான்னு பக்கத்து நாரிஸ் மாமா வீட்டுல கண்ணத் துடைப்பாங்க. நா பேக்கரிக்குப் போக முடியாது. அந்தக் கனடாக்காரர் தங்கச்சி பக்கத்துலதான் போய் நிக்கணும்.”

“அப்போ என்னதான் செய்யச் சொல்ற?”

“வழக்கமா என்ன செய்வீங்க?”

“நிறுத்தி வைப்பேன்.”

“நிறுத்தி வைங்க. இங்க நானும் நிறுத்தி வைக்கறேன்.”

ஃபோனை வைத்துவிட்டாள். ஆல்வின் அந்தச் செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். “திறந்துவிட்டு, திறந்துவிட்டுன்னு சொல்றா பாரு மாப்ளே,” என்றார் காலினிடம். பிறகு கொஞ்சம் யோசித்து, “சரியாத்தான் சொல்றா” என்றார்.

ஜில்லியன் சுருளோடு தேவாலயத்துக்கு ஓடினாள். பாதிரியார் லம்லி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் புறா வளர்ப்பவர் அல்ல. ஆனால் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷமே, ஒரு கோடைகாலச் சனிக்கிழமை மத்தியானம் பிரார்த்தனைக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்களும் ஆர்மோனியம் வாசிக்கிறவரும் மட்டும் வந்ததைப் பார்த்தவர். பாடம் படித்த மனிதர்.

“எத்தனை மணிக்கு விடுதலை?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியல ஃபாதர். பனி விலகணும். பகல்ல விடுவிச்சா பறவை மூணு, நாலு மணிக்கு வரும்.”

“அப்போ ரெண்டு மணிக்கு வச்சா சாட்சிக் கையெழுத்துப் போடக்கூட ஒரு ஆம்பளை இருக்க மாட்டான்.”

“லாரி வர அஞ்சு ஆகும்.”

“ஆறு மணிக்கு மேல கட்டி வச்சா சட்டப்படி செல்லாது, ஜில்லியன். அது என் சட்டம் இல்ல, நாட்டுச் சட்டம்.”

“அதுக்குள்ள வந்துருவாரு.”

“நாட்டுக்கு நா பதில் சொல்லிக்கறேன். உங்கப்பாவைப் பத்திரமா வரச் சொல்லு.”

ஆக, கல்யாணம் நிறுத்தி வைக்கப்பட்டது. இனி விஷயம் இவ்வளவுதான்: ஆறு மணி அடிப்பதற்குள் லாரி வந்தால் ஜில்லியன் அப்பாவின் கையைப் பிடித்து நடப்பாள். வராவிட்டால் தனியாக நடப்பாள், அல்லது நடக்கவே மாட்டாள். டீஸ்டேல் வீட்டில் இதை மிஸஸ் பெல்லமிக்கு விளக்குகிற பொறுப்பு ஐரீன் தலையில் விழுந்தது.

“நிறுத்தி வச்சிருக்குன்னா? ரத்தா?”

“இல்லீங்க. மூடுபனி.”

மிஸஸ் பெல்லமி சன்னலுக்கு வெளியே பார்த்தார். வெயில் கண்ணைப் பறித்தது. “மூடுபனி எதுவும் இல்லையே.”

“இங்க இல்லீங்க. நியூவார்க்ல.”

“நியூவார்க்ல நமக்கு யாரும் இல்லையே?”

“புறா போகணுமில்லீங்க.”

மிஸஸ் பெல்லமி நாற்காலியில் உட்கார்ந்தார். மகனைத் தனியாக அழைத்து, “மார்க்கஸ், இவங்க எல்லாரும் சேர்ந்து உன்னை வேணாம்னு சொல்றாங்களா? நாசூக்கா?” என்று விசாரித்தார். மார்க்கஸ் ஜில்லியனோடு இரண்டு வருஷம் பழகியவன். “இல்லம்மா,” என்றான். “வேணாம்னா நேராச் சொல்லிடுவாங்க. பறவை விஷயம்னாதான் இவ்வளவு மரியாதை.”

பகல் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஃபோன் வந்தது. நியூவார்க்கில் மரம் தெரிகிறது. பிறகு மரத்தில் உட்கார்ந்திருக்கிற காக்கையும் தெரிகிறது. ஆல்வின் விடுவித்துவிட்டார். லாரி கிளம்பிவிட்டது. செய்தி தெருவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள், கல்யாணத்துக்காக அலங்கரித்துக்கொண்ட ஆண்கள் அத்தனை பேரும், கோட்டுப் பொத்தானில் குத்திய பூவோடு, சோளம் போட்ட தகர டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நின்றார்கள்.

பறவை வருகிற நேரத்துக்கு எங்கள் ஊரில் சில சட்டங்கள் உண்டு. சத்தம் போடக்கூடாது. கொல்லையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கக்கூடாது. கண்ணைக் குத்துகிற நிறம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடியில் துணி கூடாது. கொடியில் எது படபடத்தாலும் பறவை மிரண்டு, இறங்காமல் வட்டம் போடும். அல்லது கூரையில் உட்கார்ந்து யோசிக்கும். அது கொட்டகைக்குள் நுழைந்து, கால் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்தில் போட்டு அமுக்கினால்தான் வந்ததாகக் கணக்கு. கூரையில் உட்கார்ந்திருக்கிற புறா இன்னும் பீட்டர்பரோவில் இருக்கிற புறாவுக்குச் சமம். எனவே பந்தய நாளில் ஆஷ்பெக் முழுக்க ஒரு கைக்குட்டைகூடக் காயாது. இதை யாரும் எழுதி வைத்ததில்லை. தாய்ப்பாலோடு வருகிற அறிவு.

மிஸஸ் பெல்லமி வேறு பால் குடித்தவர். காத்திருந்து காத்திருந்து மணப்பெண்ணின் முகத்திரை கசங்கிப்போனதை அவர் பார்த்தார். தன்னாலும் ஏதாவது உதவி என்று நினைத்தார். அதில் தண்ணீர் தெளித்து, கொல்லையில் காலியாகக் கிடந்த கொடியில், வெயில் படுகிற மாதிரி, நீளவாக்கில் தொங்கவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று கஜம் வெள்ளை வலை. நல்ல காற்று.

அந்தக் கொல்லையின் வேலிக்கு அடுத்தது நாரிஸ் ஹெப்பெலின் புறாக் கொட்டகை.

நாரிஸின் நீலப் பொட்டை அந்த வருஷத்துச் சூரப்புலி. ஊருக்குள் முதலில் வந்ததும் அதுதான். தெற்கிலிருந்து அம்பு மாதிரி வந்தது. இறக்கையை மடக்கிக் கீழே விழப்போனது. முகத்திரை ஒருமுறை எழுந்து ஆடியது. பறவை அப்படியே மேலே ஏறி, டீஸ்டேல் வீட்டுப் புகைபோக்கியில் உட்கார்ந்து, கீழே இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. நாரிஸ் டப்பாவைக் குலுக்கினார். பறவை அசையவில்லை.

நாரிஸ் கத்தியிருப்பார், கத்தக்கூடாது. எனவே வேலிக்கு மேலே முகத்தை நீட்டி, சாகிறவர் மாதிரி கிசுகிசுத்தார்.

“அம்மா. எடுங்க.”

“என்ன சொல்றீங்க?” என்றார் மிஸஸ் பெல்லமி, இயல்பான குரலில்.

நாரிஸ் கண்ணை மூடித் திறந்தார். “மெதுவா. அதை எடுங்க.”

“எதை?”

“அந்த ஆவியை.”

மிஸஸ் பெல்லமி கொடியைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாகத் தெற்கே படித்து வளர்ந்த மூளை ஒரு விநாடியில் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டது. முகத்திரையை நோக்கி எழுந்தார்.

“நடக்காதீங்க,” என்றார் நாரிஸ். “தொப்பி.”

அடுத்து அவர் செய்ததற்கு எங்கள் ஊர் இன்றுவரை மரியாதை செலுத்துகிறது. அவர் தொப்பியைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளினார். காலணிகளைக் கழற்றினார். பட்டு உடையோடு புல்தரையில் நாலு காலில் இறங்கி, சத்தமில்லாமல் தவழ்ந்துபோய், கொடிக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டி, முகத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சுருட்டி நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு, அப்படியே குப்புறப் படுத்துவிட்டார்.

பறவை கொஞ்சம் யோசித்தது. பிறகு இறங்கியது. கொட்டகைக்குள் கடிகாரம் ‘டக்’ என்றது.

நாரிஸ் வேலிக்கு வந்தார். இப்போது அவர் குரல் பழையபடி இருந்தது. “நீங்க ஆவியைத் தொங்கவிட்டதுல எனக்கு முதலிடம் போச்சு,” என்றார். “அந்தக் கோடி வீட்டுக்காரன் முந்திட்டான். ஆனா ஒண்ணு சொல்றேன், நல்லாத் தவழறீங்க.”

“அது உள்ள போயிடுச்சா?” என்றார் மிஸஸ் பெல்லமி, எழுந்திருக்காமலே.

“போயிடுச்சு.”

“வேற வருமா?”

“இன்னும் நாலு இருக்கு.”

“அப்போ இப்படியே இருக்கேன்,” என்றார் அவர். ஐரீன் டீ கொண்டுவந்தபோது அதைத் தரையிலேயே வாங்கிக்கொண்டார்.

ஐந்து மணி வாக்கில் ஊரில் அநேகமாக எல்லாப் பறவைகளும் வந்து சேர்ந்துவிட்டன. ஆண்கள் கையில் ஒட்டிய சோளத் தவிட்டைத் தட்டிவிட்டுத் தேவாலயத்துக்கு நடந்தார்கள். பெஞ்சுகள் நிரம்பின. லாரி மட்டும் வரவில்லை. பாதிரியார் வாசலில் நின்று கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். முழங்காலில் பச்சைக் கறையோடு மிஸஸ் பெல்லமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தரையும் நெருங்கியது. “தனியா நடக்கறியா, ஜில்?” என்று ஐரீன் கேட்டார். “பறவை வர்ற வரைக்கும் கொட்டகையை மூடறதில்லம்மா,” என்றாள் ஜில்லியன். என்றாலும் அவளும் பாதிரியாரின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

சாலைத் திருப்பத்தில் லாரியின் ஹாரன் கேட்டது. வழியில் ஒரு டிராக்டர் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டுவிட்டதாம். லாரி நேராகத் தேவாலயப் படிக்கட்டின் முன்னால் வந்து நின்றது. ஓடுகிற வண்டிக்குள்ளேயே உடை மாற்றியதால் ஆல்வினின் சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தன. காலரில் ஒரு சாம்பல் நிற இறகு. காலி லாரியிலிருந்து அடித்த வாசனையைப் பற்றி விருந்தினர் யாரும் எதுவும் சொல்லவில்லை; உள்ளூர்க்காரர்களுக்கு அது தெரியாது, தெற்கத்திக்காரர்கள் நாகரிகமானவர்கள்.

“எல்லாம் வந்துடுச்சா?” என்றார் ஆல்வின், மகளிடம், முதல் பேச்சாக.

“நாரிஸ் மாமாவோடது கடைசி ஒண்ணு பாக்கி. நீங்க வந்துட்டீங்க. போலாம்.”

நடந்தார்கள். பாதிரியார் லம்லி வழக்கத்தைவிட வேகமாக வாசித்தார். “இந்தப் பெண்ணை இவருக்கு யார் கொடுக்கிறார்?” என்று கேட்டார்.

ஆல்வினின் கை ஜில்லியனின் கையை மூடியிருந்தது. அவர் தலையை நிமிர்த்தி, மேற்குச் சன்னலுக்கு வெளியே தெரிந்த வானத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பார்க்கும்போது யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை.

“என்ன ஆச்சு?” என்று மிஸஸ் பெல்லமி ஐரீனின் காதில் கேட்டார்.

“நிறுத்தி வச்சிருக்கார்.”

மிஸஸ் பெல்லமி புரிந்துகொண்டவராகத் தலையசைத்தார், அசையாமலும் உட்கார்ந்துகொண்டார்.

பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். நாட்டுச் சட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசையில், கதவோரமாக, காலின் இருமினான்.

“நியூவார்க்ல தெளிஞ்சிடுச்சு, ஆல்வின் அண்ணே,” என்றான்.

ஆல்வின் மகளைப் பார்த்தார். அவள் தெற்கே போகிறாள். இவ்வளவு காலம் அவர் விடுவித்ததெல்லாம் வடக்கே வந்தது.

“எனக்கு வழி தெரியும்ப்பா,” என்றாள் ஜில்லியன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “கொட்டகையைத் திறந்து வைங்க.”

ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தார். மார்க்கஸின் பக்கம் அவள் ஓரடி நகர்ந்தாள். “நான்தான்,” என்றார் பாதிரியாரிடம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழக்கம் யாரை விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும்படி உரக்க அறிவித்தார்.

“ஆறுக்குக் கால் மணி இருக்கையில் விடுதலை. லேசான தென்மேற்குக் காத்து. நல்ல வெளிச்சம்.”

தேவாலயத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.